துறையும் ஊரும்: அழகிய பழங்கிராமங்களுக்கான பன்னாட்டு ஒத்துழைப்பும் காங்கேசன்துறையும்

ஒரு பழைய ஊர் அழகானது, பேணத்தக்கது என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை யாருக்கு? அங்கே அடுப்பு மூட்டுபவருக்கா, அதைப் பார்க்கக் காசு செலவழித்து வருபவருக்கா, பேணுவதற்குப் பணம் தரும் வெளிநாட்டுக்கா? ஒன்றரை நூற்றாண்டாகக் கேட்கப்பட்டு வரும் கேள்வி இது. 1877-ல் இங்கிலாந்தில் வில்லியம் மொரிஸ் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கியபோது அது பெரும்பாலும் தேவாலயச் சுவர்களைப் பற்றிய கேள்வியாக இருந்தது. பிறகு சுவரிலிருந்து தெருவுக்கும், தெருவிலிருந்து ஊருக்கும், ஊரிலிருந்து வயலுக்கும் கடலோரத்துக்கும் விரிந்தது. விரிந்த ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு புதிய பதில் பிறந்தது. பழைய பதில்களும் சாகவில்லை.

அந்தப் பதில்களை இலங்கையின் வடக்கே, யாழ்ப்பாணக் குடாநாட்டின் கடலோரத்திலுள்ள காங்கேசன்துறையில் வைத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். பெருஞ்சேதமில்லாமல் நூற்றாண்டுகளைக் கடந்துவந்த ஊர்களில் எல்லாக் கோட்பாடுகளும் ஓரளவு சரியாகவே தோன்றும். ஊரே ஒரு தலைமுறைக் காலம் வேலிக்குள் அடைபட்டுக் கிடந்த இடத்தில்தான் எந்தக் கோட்பாடு எதை மறைமுகமாக எடுத்துக்கொண்டிருந்தது என்பது வெளிப்படும்.

ஒரு பெயர், மூன்று இடங்கள்

காங்கேசன்துறை என்னும்போது நாம் மூன்று இடங்களை ஒரே பெயரால் குறிக்கிறோம். முதலாவது துறை. முன்னர் கயாத்துறை என வழங்கிய இத்துறையில் மாவிட்டபுரம் கோயிலுக்கான காங்கேயன் திருவுருவம் வந்திறங்கியதால் இப்பெயர் வந்தது என்பது மரபு. நாகப்பட்டினம் இங்கிருந்து ஏறத்தாழ 60 கடல் மைல் தொலைவில் இருக்கிறது. கடவுச்சீட்டும் விசாவும் வருவதற்கு முந்திய நூற்றாண்டுகளில் அந்தத் தூரம் ஒரு தடையாகவே கருதப்படவில்லை.

இரண்டாவது தொழிற்பட்டினம். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த வடபகுதிப் புகையிரதப் பாதையின் கடைசி நிலையம் இது. 1950-ல் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலை இலங்கையின் தொடக்ககாலப் பெருந்தொழில்களில் ஒன்று. 1956 முதல் ஓடிய யாழ்தேவி என்ற புகையிரதம், கொழும்பு உத்தியோகத்தரின் வாழ்வோடு இந்தப் பட்டினத்தையும் பிணைத்தது.

மூன்றாவது, தலங்களின் வட்டாரம். மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில், கீரிமலைக் கேணி, நகுலேஸ்வரம், மேற்கே மாதகலை அடுத்த சம்பில்துறை. குதிரைமுகம் கொண்ட சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி கீரிமலைத் தீர்த்தமாடி முகம் தெளிந்த கதையும், கீரிமுகம் நீங்கிய நகுல முனிவரின் கதையும் இந்தச் சில மைல்களுக்குள்ளேயே நிகழ்கின்றன. கடலிலிருந்து சில அடி தள்ளி நன்னீர் ஊறும் அதிசயத்துக்குப் புவியியல் விளக்கம் எளியது: குடாநாட்டின் சுண்ணக்கற் படுகையில் இறங்கிய மழைநீர் கடல் விளிம்பில் வெளியேறுகிறது. அதே சுண்ணக்கல்லைத்தான் சீமெந்துத் தொழிற்சாலை அகழ்ந்தது. தலத்துக்கும் தொழிற்சாலைக்கும் ஒரே பாறைதான் ஆதாரம் என்பதை மறந்துவிட்டு இவ்வட்டாரத்தின் மரபுரிமை பற்றி எழுதப்படுபவை பாதிக் கதையையே சொல்கின்றன.

1990-ல் உள்நாட்டுப் போரில் மூன்றும் ஒருசேர அற்றுப்போயின. புகையிரதம் நின்றது, தொழிற்சாலை மூடப்பட்டது, இவ்வட்டாரம் அடங்கிய வலிகாமம் வடக்கின் மக்கள் இடம்பெயர்ந்தார்கள், நகுலேஸ்வரம் குண்டுவீச்சில் சிதைந்தது. பின்னர் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயம் என்ற பெயர் அந்நிலத்தின் மேல் படிந்தது. போர் முடிந்து ஏறத்தாழ நான்கு ஆண்டுகளுக்குப் பின்னும், 2013 ஏப்ரலில், இப்பகுதியில் 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிக்கும் அறிவித்தல் ஒட்டப்பட்டது. காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டு வருகின்றன. அயலிலுள்ள மயிலிட்டித் துறைமுகம் 2017-ல் திறந்துவிடப்பட்டது. விடுவிப்பு இன்னும் முழுமை பெறவில்லை.

பட்டம் சூட்டும் வழி

அழகிய கிராமங்களுக்கான பன்னாட்டு ஒத்துழைப்பு என்றதும் இன்று முதலில் நினைவுக்கு வருவது பிரெஞ்சு மாதிரி. தென்மேற்குப் பிரான்சில் கொலோன்ஜ்-லா-ரூஜ் என்ற செம்மணற்கற் கிராமத்தின் மேயர் ஷார்ல் செய்ராக், அழகிய பிரெஞ்சுக் கிராமங்களைப் பற்றி ரீடர்ஸ் டைஜெஸ்ட் வெளியிட்ட ஒரு படநூலைப் பார்த்துத் தூண்டப்பட்டார். 1982 மார்ச்சில் 66 கிராமங்களின் மேயர்கள் சாலேர் என்ற ஊரில் கூடிச் சங்கம் அமைத்தார்கள். சங்கத்தின் விதிகள் கறாரானவை. மக்கள்தொகை 2,000-ஐத் தாண்டக்கூடாது. சட்டப் பாதுகாப்புப் பெற்ற நினைவிடங்கள் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். ஊரின் மன்றம் வாக்களித்து விண்ணப்பிக்க வேண்டும். பட்டம் நிரந்தரமன்று, மீள்மதிப்பீட்டில் தவறினால் பறிக்கப்படும். பெல்ஜியத்தின் வலோனியா, கனடாவின் கியூபெக், இத்தாலி, ஜப்பான் ஆகியவை இதைப் பின்பற்றின. 2012-ல் இவை உலகக் கூட்டமைப்பாகப் பதிவாயின.

இம்மாதிரியின் பலம், அது அரசிடமிருந்து அன்றி ஊர்மன்றங்களிடமிருந்து எழுந்தது என்பதே. சிற்றூர்கள் ஒன்றோடொன்று கைகோத்து, தலைநகரைத் தாண்டி, வேறொரு நாட்டின் சிற்றூர்களோடு பேசுகின்றன. பலவீனமும் அங்கேயே இருக்கிறது. பேசுவதற்கு ஒரு மன்றம் வேண்டுமே! இலங்கையில் பிரதேச சபைகள் 1987-ம் ஆண்டின் சட்டத்தால் உருவானவை. 2018-ல் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2025 மே மாதத்தில்தான் நடந்தது. இடைப்பட்ட ஈராண்டுக்கு மேலாக வலிகாமம் வடக்கில் மட்டுமல்ல, நாட்டின் ஏறக்குறைய எந்த ஊரிலும் இத்தகைய தீர்மானத்துக்கு வாக்களிக்கத் தெரிவான சபை இல்லை. காணி, தொல்பொருள், துறைமுகம் ஆகிய மூன்றும் எப்படியும் பிரதேச சபையின் கையில் இல்லாதவை.

ஜப்பானியர் 2005-ல் பியேய் என்ற ஊரை முன்னிலைப்படுத்தி ஏழு ஊர்களோடு தொடங்கியபோது விதியை ஓரளவு நெகிழ்த்தினார்கள். மக்கள்தொகை வரம்பை 10,000 ஆக்கினார்கள். நிலக்காட்சியோடு திருவிழா போன்ற வாழும் பண்பாட்டையும் ஊரின் செல்வமாகக் கணக்கெடுத்தார்கள். கல்லில் கட்டி நூற்றாண்டுகள் நிறுத்திவைக்கும் பழக்கம் ஐரோப்பாவுக்கு உரியது. மரமும் ஓலையும் மண்ணும் கொண்டு கட்டும் நாடுகளில் ஊரின் தொன்மை சுவரில் தங்குவதில்லை. வேலியைப் புதுப்பிக்கும் முறையிலும், ஆண்டுக்கொரு முறை கிடுகு மாற்றும் வழக்கத்திலும், தேர் இழுக்கும் முறைமையிலும் தங்குகிறது. காங்கேசன்துறை வட்டாரத்துக்குப் பொருந்துவதாயின் பிரெஞ்சு விதியை விட ஜப்பானிய விதியே பொருந்தும் என்று கருத இடமுண்டு. கீரிமலையில் ஆடி அமாவாசைக்குப் பிதிர்க்கடன் தீர்க்கக் கூடும் கூட்டம் எந்தப் பாதுகாப்புப் பட்டியலிலும் இடம்பெறும் கட்டடமன்று. ஆனால் அந்தக் கூட்டம் இல்லாத கீரிமலை வெறும் குளியல் தொட்டிதான்.

ஐக்கிய நாடுகளின் சுற்றுலா அமைப்பு 2021-ல் தொடங்கிய ‘சிறந்த சுற்றுலாக் கிராமங்கள்’ திட்டம் மற்றொரு கிளை. 15,000 பேருக்கு மேற்படாத ஊர்கள் இதற்குத் தகுதியுடையவை. முதலாண்டில் 44 ஊர்கள் தெரிவாயின. தெலுங்கானாவின் போச்சம்பள்ளி அவற்றில் ஒன்று. இங்கே விண்ணப்பத்தை முன்வைப்பது நாட்டின் அரசு. ஊரின் குரலை அமைச்சு ஒன்று எடுத்துச் சொல்லும் இந்த ஏற்பாடு, ஊருக்கும் தலைநகருக்கும் இடையே நம்பிக்கை நிலவும் நாடுகளில் வசதியானது. அந்த நம்பிக்கையே கேள்விக்குள்ளாகியிருக்கும் நிலத்தில் அது என்ன செய்யும் என்பது வேறு விடயம்.

பட்டம் சூட்டும் வழிக்கு எதிரான பொதுவான குற்றச்சாட்டு ஒன்றுண்டு: அழகு விலையாகிறது, விலை குடியிருப்போரை வெளியேற்றுகிறது. 1988-ல் உலக மரபுரிமையான காலிக் கோட்டை இலங்கைக்குள்ளேயே கிடைக்கும் சான்று. 2002-ல் வெளிநாட்டார் காணி வாங்குவதற்கான நூறு வீத வரி தளர்த்தப்பட்டதும் கோட்டைக்குள் பல வீடுகள் கைமாறின. 2004-ல் வரி மீண்டும் வந்தது. அதற்குள் பல தெருக்களில் குடும்பங்கள் போய் விடுதிகள் வந்துவிட்டன. சுவர்கள் முன்னைவிட நன்றாகவே பேணப்படுகின்றன என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

கட்டடத்திலிருந்து நிலக்காட்சிக்கு

இரண்டாவது நிலைப்பாடு தொழில்வல்லாருடையது. 1964-ன் வெனிஸ் சாசனம் நினைவுச்சின்னத்தை அதன் சூழலிலிருந்து பிரிக்கக்கூடாது என்றது. ஆனால் கற்பனையால் புதுக்கிக் கட்டுவதை மறுத்தது. 1972-ல் உலக மரபுரிமை உடன்படிக்கை வந்தது. 1992-ல் ‘பண்பாட்டு நிலக்காட்சி’ என்ற வகை அதில் சேர்ந்தது. 1994-ல் ஜப்பானின் நாரா நகரில் எழுதப்பட்ட ஆவணம், எது அசல் என்பதை ஒவ்வொரு பண்பாடும் தன் அளவுகோலால்தான் அளக்க முடியும் என்று ஒப்புக்கொண்டது. 2017-ல் டெல்லியில், மரபுரிமையாகக் கிராமிய நிலக்காட்சிகளைக் கருதுவதற்கான கோட்பாடுகளை, மரபுரிமைத் தொழில்வல்லாரின் பன்னாட்டு மன்றமான ஐகோமோஸ் ஏற்றது. ஒவ்வொரு படியும் கல்லிலிருந்து மனிதரை நோக்கிய நகர்வு.

இலங்கையின் சட்டம் இந்த நகர்வோடு முழுதாக நடக்கவில்லை. 1940-ம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் பின்னாளில் திருத்தப்பட்டிருந்தாலும், அதன் மனம் தனிச் சின்னத்தின் மேலேயே இருக்கிறது: ஒரு விகாரை, ஒரு கல்வெட்டு, ஒரு கோட்டை. ஓர் ஊரின் ஒழுங்கையும், அதன் இருமருங்கிலும் பனையோலை அடைத்த வேலியும், சங்கடப்படலையும், நாற்சார் வீட்டின் முற்றமும், சந்தியில் சுமைதாங்கியும், மாடு உரசிக்கொள்ளும் ஆவுரோஞ்சிக்கல்லும் சேர்ந்து ஒரே பொருளாகும் என்று பார்க்கும் கண் அந்தச் சட்டத்துக்கு இல்லை. யாழ்ப்பாணக் கிராமத்தின் அழகு இந்தச் சேர்க்கையில்தான் இருக்கிறது. அதில் எந்த ஒன்றும் தனித்து நின்றால் நினைவுச்சின்னம் என்று அழைக்கக் கூச்சமாயிருக்கும் அளவுக்கு எளியது. பருத்தித்துறைத் தெருமூடிமடம் போன்ற ஓரிரண்டு மட்டுமே தம் வினோதத்தால் தனியாகக் கவனம் பெற்றன.

இலங்கையின் எட்டு உலக மரபுரிமை இடங்களில் ஒன்றும் வடமாகாணத்தில் இல்லை. இதற்கு அரசியலை மட்டும் காரணம் சொல்லிவிட முடியாது. பெருஞ்சின்னங்களைத் தேடும் கண்ணுக்கு வடக்கில் அகப்படுவது குறைவு என்பதும் ஒரு காரணம்.

அசல் பற்றிய விவாதம் காங்கேசன்துறையில் கூர்மை பெறும். நகுலேஸ்வரம் 17-ம் நூற்றாண்டில் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டு, ஆறுமுக நாவலர் தொடக்கிவைத்த முயற்சியின் தொடர்ச்சியாக 19-ம் நூற்றாண்டின் இறுதியில் மீண்டெழுந்து, 1990-ல் மறுபடி சிதைந்து, 2012-ல் குடமுழுக்குக் கண்டது. வெனிஸ் சாசனத்தின் கண்ணால் பார்த்தால் இன்று நிற்பது புதுக்கட்டடம். ஆகமத்தின் கண்ணால் பார்த்தால் இடையறாத கோயில். நாரா ஆவணம் இரண்டாவது பார்வைக்கு இடம் தருகிறது. ஆனால் அந்த இடத்தைத் திறந்துவிட்டால் எதையும் ‘பழமையின் தொடர்ச்சி’ என்று நிறுவிவிடலாமே என்ற தொழில்வல்லாரின் அச்சமும் வெறும் பிடிவாதமன்று. பொஸ்னியாவில் 1993-ல் தகர்க்கப்பட்ட மொஸ்தார் பாலம் உலக வங்கி, துருக்கி, இத்தாலி, நெதர்லாந்து முதலிய பலரின் துணையோடு 2004-ல் மீளக் கட்டப்பட்டு, மறுவருடம் உலக மரபுரிமையானது. பாலம் இணைந்தது. அதன் இருபுறமும் பிரிந்த பள்ளிகளும் பிரிந்த மக்களும் அவ்வளவு எளிதில் இணையவில்லை.

உதவி தரும் நாடும் அதன் நினைவும்

மூன்றாவது வழி இருதரப்பு உதவி. ஒரு நாடு தன் வரலாற்றோடு தொடர்புள்ள மற்றொரு நாட்டின் ஊரைச் சீர்படுத்துகிறது. பாக்கு நீரிணைக்கு இருகரையிலும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டுகள் உண்டு. அவற்றுள் மிகவும் கற்பிப்பது தரங்கம்பாடி.

நாகப்பட்டினத்துக்கு வடக்கே ஏறக்குறைய 30 கிலோமீற்றரில் உள்ள தரங்கம்பாடியில் 1620-ல் தஞ்சை நாயக்கரின் இசைவோடு டேனியர் டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். 1706-ல் மதபோதகர் சீகன்பால்க் வந்து தமிழில் அச்சிட்டதும் இங்கேதான். 1845-ல் ஊர் பிரித்தானியர் கைக்குப் போயிற்று. 2002-ல் டென்மார்க்கில் தரங்கம்பாடிச் சங்கம் ஒன்று தொடங்கி, பின்னர் டேனிய தேசிய அருங்காட்சியகமும் தமிழ்நாட்டரசும் மரபுரிமைப் பேணல் அமைப்பான இன்டாக்கும் சேர, கோட்டையும் ஆளுநர் மாளிகையும் பழைய தெரு வீடுகள் சிலவும் புத்துயிர் பெற்றன. வேலை நேர்த்தியானது, அதில் ஐயமில்லை. ஆயினும் டேனிய மானிடவியலாளர் ஹெல்லே யோர்கென்சன் 2014-ல் வெளியிட்ட நூலின் தலைப்பே ‘யாருடைய வரலாறு’ என்று கேட்டது. டேனிய காலம் 225 ஆண்டுகள். அவ்வூர் மீனவருக்கு அதற்கு முன்னும் பின்னும் வரலாறு உண்டு. 2004-ன் ஆழிப்பேரலையில் உயிரையும் வீட்டையும் இழந்தவர்கள் அவர்கள்தான். உதவி தரும் நாடு தன் முகம் தெரியும் கண்ணாடியையே துடைக்கிறது என்பது இவ்வழியின் பிறவிக்குணம்.

யாழ்ப்பாணக் கோட்டையின் சீரமைப்புக்கு நெதர்லாந்து தந்த உதவியையும் இந்த வரிசையில் வைக்கலாம். ஒல்லாந்தர் விரித்துக் கட்டிய கோட்டைக்கு ஒல்லாந்தர் பணம். ஒல்லாந்தர் கட்டாத ஒழுங்கைகளுக்குப் பணம் தர எந்த நாட்டுக்கும் அப்படியொரு காரணம் கிடைப்பதில்லை.

தமிழ்நாட்டின் செட்டிநாடு இதிலிருந்து சற்று விலகிய கதை. 2007 வாக்கில் மிஷேல் அத்மான், பெர்னார் திராகோன் என்ற இரு பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர்கள் யுனெஸ்கோவின் ஆதரவோடு முயற்சி தொடங்கினார்கள். 2014-ல் செட்டிநாட்டுக் கிராமத் தொகுதிகள் உலக மரபுரிமைக்கான இந்தியாவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. பிரான்சுக்கு இங்கே குடியேற்ற நினைவு எதுவும் இல்லாதது நல்லதாயிற்று: வீடுகள் வீடுகளாகவே மதிக்கப்பட்டன. தடங்கல் வேறிடத்தில் வந்தது. ஒரு வீட்டுக்குப் பத்து, இருபது, சில இடங்களில் நூறு பங்காளிகள். எல்லோரும் ஒப்புக்கொண்டால்தான் ஓடு மாற்றலாம்; ஒப்பாவிட்டால் தேக்குத் தூண்கள் கழன்று காரைக்குடிப் பழம்பொருட் கடைகளில் நிற்கும். காங்கேசன்துறையில் இதே சிக்கல் இருமடங்கு. பங்காளிகள் தொராண்டோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் இருக்கிறார்கள். உறுதி தொலைந்திருக்கலாம். எல்லைக்கல் புல்டோசரில் போயிருக்கலாம். 2014-ன் காணிச் சட்டம் வெளிநாட்டுக் குடியுரிமையாளர் காணி வாங்குவதைத் தடுக்கிறது. இரட்டைக் குடியுரிமை எடுக்காத ஒருவர் தன் மாமன் வளவை விலைக்கு வாங்கித் திருத்த விரும்பினாலும் அவரும் அந்நியரே.

காங்கேசன்துறைக்கே வந்த பன்னாட்டு ஒத்துழைப்பு எது? இந்தியாவினது. அதன் அளவு சிறிதன்று. போருக்குப் பின் துறைமுகத்தில் மூழ்கிக் கிடந்த கப்பல்களின் சிதைவுகள் அகற்றப்பட்டன. இந்தியக் கடனுதவியில் இந்திய நிறுவனமான இர்கொன் போட்ட தண்டவாளத்தில் 2015 ஜனவரியில் புகையிரதம் மறுபடி இங்கே வந்து சேர்ந்தது. துறைமுகப் புனரமைப்புக்கென 2018-ல் 45.27 மில்லியன் டொலர் கடன் ஒப்பந்தமாயிற்று, 2024-ல் 61.5 மில்லியன் டொலர் நன்கொடையாக அதை மாற்ற இந்தியா முன்வந்தது. 2019-ல் அயலிலுள்ள பலாலி சர்வதேச விமான நிலையமாயிற்று. 2023 ஜூனில் உல்லாசக் கப்பலொன்று வந்தது. அதே ஆண்டு ஒக்ரோபர் 14-ல் நாகப்பட்டினத்திலிருந்து பயணிகள் கப்பற்சேவை தொடங்கிச் சில நாட்களில் நின்றது. 2024 ஆகஸ்டில் ‘சிவகங்கை’ கப்பலோடு மீண்டும் ஓடியது. வாடைக்காலம் அதை அவ்வப்போது நிறுத்திவைக்கும்.

இத்தனையும் துறைக்கு வந்தவை, ஊருக்கு வந்தவை அல்ல. கப்பலில் இறங்குபவர் பெரும்பாலும் நேரே யாழ்ப்பாண நகருக்கும் நல்லூருக்கும் பேருந்தேறுகிறார். உதவியின் நோக்கம் இணைப்பே ஒழியக் கிராமமன்று என்று இந்தியத் தரப்பு சொன்னால் அதில் தவறில்லை. பிழை, இணைப்பு வந்தால் ஊர் தானே எழும் என்று நம்புவதில் இருக்கிறது. வாசல் அகலத் திறந்திருக்க, வீட்டின் அறைகள் பூட்டிக் கிடப்பது இன்றைய நிலை. கடலோரத்தின் மிக அழகான பகுதிகளில் ஒன்றில் இராணுவம் நடத்தும் ‘தல்செவன’ விடுதி இருக்கிறது. சுற்றுலா ஏற்கெனவே இங்கே உண்டு. அதில் ஊராருக்கு இருக்கவேண்டிய இடம் இல்லை.

பல தொன்மைகள், ஒரே மண்

நான்காவது நிலைப்பாடு நம்மூர் மரபிலிருந்தே வருகிறது: ஊர் என்பது தலத்தைச் சுற்றியது, தலத்தை மீட்டால் ஊர் மீளும். தென்னாட்டிலும் ஈழத்திலும் இதற்கு நீண்ட வழக்குண்டு. சுற்றுலா என்ற சொல் வருவதற்கு முன்பே யாத்திரை என்ற பன்னாட்டு ஒத்துழைப்பு இருந்தது. சிதம்பரத்துக்கும் கீரிமலைக்கும் இடையில் மடங்களும் அறக்கட்டளைகளும் அதை நடத்தின. பணம் வரும் வழியும் உபசரிக்கும் முறையும் ஊர்ப் பழக்கத்தில் ஏற்கெனவே இருப்பது இவ்வழியின் பெரும் வசதி.

ஆனால் தலம் ஒருவருக்கு மட்டும் உரியதாக இருப்பதில்லை. மகாவம்சம் கூறும் ஜம்புகோளப்பட்டினம் சம்பில்துறையே என்று பலர் கொள்கின்றனர். சங்கமித்தை வெள்ளரசு மரக்கிளையோடு இறங்கிய துறையாகத் தென்னிலங்கை யாத்திரிகர் அதை வணங்குகின்றனர். தெற்கே கந்தரோடையில் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போல் பீரிஸ் அகழ்ந்ததும், 1970-ல் பென்சில்வேனியப் பல்கலைக்கழகக் குழு அகழ்ந்ததும் இவ்வட்டாரத்தின் பெருங்கற்கால, பௌத்த அடுக்குகளை வெளிக்கொணர்ந்தன. தமிழர் பௌத்தம் என்ற ஒன்று இருந்தது என்பதை ஏற்றால் இதில் முரண்பாடு இருக்கத் தேவையில்லை. எனினும் இவ்வட்டாரத்துத் தையிட்டியில் தமக்குரிய உறுதிக்காணியில் விகாரை எழுப்பப்பட்டது என்று உரிமையாளர்கள் போராடும் சூழலில், ‘பௌத்த மரபுரிமை’ என்ற சொல் ஆய்வுச்சொல்லாக இல்லாமல் காணிச்சொல்லாகிவிடுகிறது. வெளிநாட்டு நிதியாளர் எவரும் இந்த இடத்தில் நடுநிலை என்று நினைத்துக்கொண்டு காலடி வைக்க முடியாது. எந்தத் தகட்டில் எந்தப் பெயரை எழுதுவது என்பதே ஒரு பக்கச்சார்பு.

தமிழருக்குள்ளும் தலம் ஒன்றல்ல. மாவிட்டபுரம் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டோர் நுழைய உரிமை கோரி 1968-ல் நடந்த சத்தியாக்கிரகத்தை, அழகிய கிராமம் பற்றிய எந்தக் கையேடும் குறிப்பிடப்போவதில்லை. ஒழுங்கை, வேலி, படலை என்று மேலே அழகாக எண்ணியவற்றுக்கு இன்னொரு வேலையும் இருந்தது: யார் எதுவரை வரலாம் என்று சொல்வது. பேணல் இயக்கங்கள் பழமையின் வடிவத்தைக் காக்கும்போது அதன் முறைமையையும் சேர்த்துக் காத்துவிடுகின்றனவா என்ற ஐயம் தலித் எழுத்தாளர் பக்கத்திலிருந்து நியாயமாகவே எழும்.

முதலில் மக்கள் என்னும் வாதம்

ஐந்தாவது நிலைப்பாடு, மேற்சொன்ன நான்கையும் தள்ளிவைக்கச் சொல்வது. மீள்குடியேற்றம் முடியாத ஊரில் மரபுரிமை பேசுவது ஆடம்பரம். காணி, கிணறு, வீடு, வள்ளம், பாடசாலை என்ற வரிசைதான் ஒழுங்கு. இடம்பெயர்ந்தோர் அமைப்புகளும் மனித உரிமை ஆர்வலர்களும் நெடுநாள் வைத்துவரும் வாதம் இது. கேட்பவரிடம் சட்டென்று மறுமொழி இருக்காது.

ஆயினும் அதற்கும் ஓட்டைகள் உண்டு. முதலாவது, திரும்புவோர் கட்டும் வீடு. உதவித்திட்ட வீடு ஒரே அச்சில் வார்த்த சிறு சீமெந்துப் பெட்டி. புலம்பெயர்ந்தோர் கட்டும் வீடு இரண்டு மாடியும் தூணும் கொண்ட மற்றொரு அச்சு. இரண்டிலும் நாற்சார் வீட்டின் முற்றமும் காற்றும் இல்லை. எஞ்சிய பழைய சுவர்கள் புதுக் கட்டடத்துக்குச் சல்லியாகின்றன. ‘மக்கள் முதலில், மரபு பிறகு’ என்பது நடைமுறையில் ‘மரபு இல்லை’ என்றே முடியும் ஆபத்து இருக்கிறது. இரண்டாவது, மக்கள் என்று நாம் சொல்லும்போது காணி உடையவரையே நினைக்கிறோம். போர் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பின்னும் நலன்புரி முகாம்களில் தங்கிப்போன வலிகாமம் வடக்கு மக்களில் கணிசமானோர் சொந்தக் காணி இல்லாதவர்களும் கடற்றொழிலாளரும். விடுவிக்கப்பட்ட ஏக்கர்க் கணக்கில் அவர்களுக்கு வரிசையில்லை.

எனினும் ஐந்து நிலைப்பாடுகளையும் ஒப்பிட்டால், மற்ற நான்கும் இந்த ஐந்தாவதை மௌனமாக முன்கூட்டியே எடுத்துக்கொண்டிருப்பது தெரிகிறது. பிரெஞ்சுச் சங்கம் ஊர்மன்றம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறது. சாசனங்கள் ஊருக்குள் போய் அளக்கலாம் என்று எடுத்துக்கொள்கின்றன. உதவி நாடு, கட்டிக் கொடுத்தால் வாழ ஆளுண்டு என்று எடுத்துக்கொள்கிறது. தலமரபு, தேர் இழுக்கத் தோள்கள் உண்டு என்று எடுத்துக்கொள்கிறது. ஐந்தாவது நிலைப்பாட்டை மற்றவற்றுக்குப் போட்டியாக வைப்பதை விட அவற்றின் அடித்தளமாக வைப்பதே பொருந்தும். அப்படி வைத்தால் வரிசை மாறாது, வேலையின் தன்மை மாறும். உதாரணமாக, மீள்குடியேற்ற வீட்டுக்கான நிதியிலேயே முற்றம் வைத்த ஒரு வரைபடத்தையும் தெரிவாகக் கொடுக்கலாம். காணி அளவையின்போதே ஒழுங்கைகளையும் கேணிகளையும் மடங்களையும் படமெடுத்துப் பதிந்துவிடலாம். இரண்டுக்கும் பெருங்கடன் வேண்டியதில்லை.

தீராத கேள்விகள்

மூன்று கேள்விகள் விடையின்றி நிற்கின்றன. ஊரின் சார்பில் ஒப்புதல் தருவது யார்: இன்று குடியிருப்போரா, உறுதி வைத்திருக்கும் கடல்கடந்த உரிமையாளரா, உறுதியே இல்லாதவர்களுமா? பிரதேச சபைக்கு இதைத் தீர்க்கும் அதிகாரம் சட்டத்தில் இல்லை. மாகாண சபையின் காலம் 2018-ல் முடிந்தபின் புதிய சபை தெரிவாகவில்லை. இரண்டாவது, துறைமுகம் சரக்குத் துறையாக வளர்ந்தால் லொறிகள் செல்லும் வீதி மாவிட்டபுரத்தின் தேர்வீதிக்கு அருகிலேயே ஓடும். அழகும் வாணிபமும் இங்கே ஒத்துவருமா என்பதைத் துறைமுகத் திட்டத்தோடு சேர்த்தே ஆராய வேண்டும். பிறகு ஆராய்வதில் பயன் குறைவு.

மூன்றாவது கேள்வி சீமெந்துத் தொழிற்சாலையைப் பற்றியது. இதில் கருத்துகள் இன்னும் உருவாகவே இல்லை என்பதால் அதுவே மிகவும் திறந்தது. ஜெர்மனியின் வோல்க்லிங்கன் இரும்பாலை மூடப்பட்ட பின் 1994-ல் உலக மரபுரிமையாயிற்று. துருவேறிய உலைகளை இன்று மக்கள் நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்க்கிறார்கள். காங்கேசன்துறை ஆலை இரண்டு தலைமுறைக்கு வேலை தந்தது. எந்தச் சாதியாரும் ஒரே நேரச் சங்குக்கு உள்ளே போய் வெளியே வந்த இடங்கள் இவ்வட்டாரத்தில் அதிகமில்லை. அதே ஆலை கீரிமலைக்கு நீர் தரும் பாறையை வெட்டித் தின்றது. அதன் அகழ்குழிகள் இன்னும் வாய்பிளந்து கிடக்கின்றன. அதைத் திரும்ப இயக்க வேண்டும் என்போர் உண்டு, இடித்து நிலத்தை மீட்க வேண்டும் என்போரும் உண்டு. உள்ளபடியே நிறுத்திவைத்து ஊரின் வரலாற்றுக்குள் சேர்க்கலாமா என்ற மூன்றாவது வழி இன்னும் சரியாகப் பேசப்படவில்லை. அழகிய கிராமங்களின் எந்தப் பட்டியலிலும் ஒரு புகைபோக்கிக்கு இடமிருக்குமா என்பதை அந்தப் பட்டியல்காரர்களிடம் கேட்கலாம். கீரிமலைக் கேணியில் முழுகிவிட்டு எழுபவரின் கண்ணில் அது தெரிய வேண்டுமா, கூடாதா என்பதை ஊரார்தான் சொல்ல வேண்டும்.